ஆர் 1 என்றால் என்ன, பம்பைமடுவுக்கு அதனால் என்ன?

வகைப்படுத்தல் என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. உயர்தரப் பெறுபேறு வந்ததும் வீட்டுக்கு வீடு பேசப்படுவது அதுதான். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால்தான் இஸட் புள்ளி, அதாவது மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி, சற்றுக் குறைந்த பிள்ளைக்கும் பொறியியல் பீடத்தில் இடம் கிடைக்கிறது. அதே பட்டியல்தான் 'பின்தங்கிய மாவட்டம்' என்ற முத்திரையையும் அந்தப் பிள்ளை மீது குத்திவிடுகிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் வாழ்க்கை மாறும் என்பதும், அந்தக் கோட்டை யாரோ கொழும்பில் ஒரு மேசையில் இருந்து கீறியிருக்கிறார்கள் என்பதும் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பல்கலைக்கழகங்களுக்கும் உலகத்தில் இப்படிக் கோடு கீறுகிறார்கள். எவ்வளவு ஆய்வு நடக்கிறது என்பதைப் பார்த்து, இது முதல் வகை, இது இரண்டாம் வகை என்று பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போன பிள்ளை "எங்கட யுனிவர்சிட்டி ஆர் 1" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மாவுக்கு அது ரோட்டு நம்பர் மாதிரிக் கேட்கும். ஆனால் ஆய்வில் முதல் வகை என்று பொருள்படும் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. பம்பைமடுவில் இருக்கும், 2021 இல்தான் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பீடங்களுக்கும் அந்தக் கதை தேவைப்படும். ஏனென்றால் இலங்கையிலும் பல்கலைக்கழகங்களை இப்படிப் பிரிக்க வேண்டும் என்று யாராவது கேட்கப்போகும் நாள் தூரத்தில் இல்லை.

1967 இல் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை உயர்கல்வி பற்றி ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் கிளார்க் கெர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, ரொனால்ட் றேகன் ஆளுநராக வந்த கையோடு பதவி பறிக்கப்பட்ட மனிதர். அதற்கு முன், 1960 இல், கலிபோர்னியாவின் உயர்கல்வியை மூன்று தட்டாகப் பிரித்த திட்டத்துக்கும் அவர்தான் முதுகெலும்பு. கலாநிதிப் பட்டமும் ஆய்வும் ஒரு தட்டுக்கு, முதுமாணி வரை இன்னொரு தட்டுக்கு, இரண்டு வருடக் கல்லூரிகள் மூன்றாவது தட்டுக்கு. அது சட்டத்தால் போட்ட வேலி. ஆணைக்குழுவில் அவர் செய்தது வேறு. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருந்தன. அவற்றைப் பற்றி எதையாவது ஆராய வேண்டுமென்றால் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக்கூடிய குழுக்கள் வேண்டும். அதற்காக 1970 இல் ஒரு வகைப்பாட்டைத் தயாரித்தார்கள். 1973 இல் அதை வெளியில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆய்வாளர் பயன்படுத்தும் கருவிதான் அது. யார் முதலாம் பிள்ளை, யார் கடைசிப் பிள்ளை என்று சொல்ல அது உருவாகவில்லை.

எங்கள் பக்கத்துக் குளங்களை இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் குளம் சிறு குளம், கமநலத் திணைக்களத்துக்குக் கீழ் வரும். அதற்கு மேலே போனால் நீர்ப்பாசனத் திணைக்களம். இரணைமடு எங்கே, கிராமத்துக் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் குளம் எங்கே! ஆனால் அந்தப் பிரிப்பில் எந்தக் குளத்தின் கீழ் நெல் நன்றாக விளைகிறது என்பதற்குப் பதில் இல்லை. கட்டு உடைந்தால் எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும், எந்த ஒதுக்கீட்டில் இருந்து காசு வரும் என்பதுதான் தெரியவரும். கார்னகி வகைப்பாடும் பிறந்தபோது அப்படித்தான் இருந்தது.

பிறகுதான் சிக்கல். வகைக்குப் பெயர் வைத்தால் சனம் அதில் ஏணியைப் பார்க்கும். 1994 ஆம் ஆண்டுப் பதிப்பில் மேல்வகைக்குப் பெயர் 'ஆய்வுப் பல்கலைக்கழகம் 1'. ஆண்டுக்குக் குறைந்தது 50 கலாநிதிப் பட்டங்கள், மத்திய அரசிடம் இருந்து 40 மில்லியன் டொலர் ஆதரவு, இரண்டும் இருந்தால் உள்ளே. 88 பல்கலைக்கழகங்கள் உள்ளே இருந்தன. வெளியே நின்றவை எல்லாம் உள்ளே போக முண்டியடித்தன. பல்கலைக்கழகத் தலைவர்கள் தங்கள் ஐந்தாண்டுத் திட்டங்களில் அதையே இலக்காக எழுதினார்கள். இது கைமீறிப் போகிறது என்று கார்னகிக்காரர்களுக்கே பட்டது. 2000 ஆம் ஆண்டில் காசு அளவுகோலை எடுத்துவிட்டு, பெயரையும் மாற்றினார்கள். 50 கலாநிதிப் பட்டம், அதுவும் குறைந்தது 15 துறைகளில் என்று வைத்தார்கள். சனம் கேட்கவா போகிறது? பழைய பெயரையே சுருக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

2005 இல் ஒரு புதிய முறை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்று உலகம் முழுக்கப் பல தரவரிசைகளில் இதே நோய் இருக்கிறது. விஞ்ஞான, பொறியியல் ஆய்வுக்கான செலவு, மற்றத் துறைகளின் ஆய்வுச் செலவு, கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு முழுநேர ஆய்வில் இருப்போர் எண்ணிக்கை, கலை, சமூக விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று பிரித்த கலாநிதிப் பட்டங்களின் எண்ணிக்கை. இவ்வளவையும் எடுத்து, ஒரு முறை மொத்தமாகவும், செலவையும் ஆய்வாளர் எண்ணிக்கையையும் இன்னொரு முறை விரிவுரையாளர் தலைக்கு எவ்வளவு என்றும் கணக்கிட்டு, புள்ளிவிபர வித்தையால் இரண்டு எண்ணாகச் சுருக்கினார்கள். அந்த இரண்டு எண்ணையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, குறுக்கே கோடு போட்டார்கள். மேலே மிக உயர்ந்த ஆய்வுச் செயற்பாடு, நடுவே உயர்ந்த ஆய்வுச் செயற்பாடு, கீழே மற்றவை. பின்னர் முதல் இரண்டுக்கும் ஆர் 1, ஆர் 2 என்ற பெயர் நிலைத்தது.

இதில் நல்லதும் உண்டு. தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு இருந்ததால் சிறிய பல்கலைக்கழகமும் மேலே வர வழி இருந்தது. ஆனால் எல்லாம் ஒப்பீட்டில்தான் நின்றது. நீங்கள் போன முறையைவிடக் கூடுதலாக ஆய்வு செய்திருப்பீர்கள், மற்றவர்கள் உங்களைவிடக் கூடுதலாகச் செய்திருந்தால் கீழே விழுவீர்கள். எவ்வளவு செய்தால் போதும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. கோடு எங்கே விழும் என்பது எல்லோருடைய தரவும் வந்த பிறகுதான் தெரியும். இஸட் புள்ளியோடு மல்லுக்கட்டிய எங்கள் பிள்ளைகளுக்கு இது பழகிய வலி.

2025 இல் இதை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். இப்போது வகைப்பாட்டை நடத்துவது அமெரிக்கக் கல்விப் பேரவையும் கார்னகி அறக்கட்டளையும் சேர்ந்து. புதிய விதி ஒரு வரியில் முடிகிறது. ஓராண்டில் 50 மில்லியன் டொலர் ஆய்வுச் செலவும் 70 ஆய்வுக் கலாநிதிப் பட்டமும் இருந்தால் ஆர் 1. 5 மில்லியன் டொலரும் 20 பட்டமும் இருந்தால் ஆர் 2. இவை இரண்டிலும் வராமல், ஆனால் 2.5 மில்லியனுக்கு மேல் ஆய்வுக்குச் செலவிடும் நிறுவனங்களுக்கு என்று மூன்றாவதாக ஒரு வகை. அதில் சேரக் கலாநிதிப் பட்டமே கொடுக்கத் தேவையில்லை. ஆர் 1 இன் எண்ணிக்கை 146 இல் இருந்து 187 ஆகியது. ஆர் 2 இல் 139, புதிய வகையில் 216. கறுப்பினத்தவருக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகங்களில் வாஷிங்டனில் உள்ள ஹவார்ட் மட்டும் ஆர் 1 ஆகியது.

எளிய விதி நல்லதுதான், வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் வாசலுக்குள்ளே போய்ப் பார்த்தால் யானையும் ஆடும் ஒரே பட்டியில் நிற்கின்றன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3 பில்லியன் டொலருக்கும் மேல் ஆய்வுக்குச் செலவிடுகிறது. 50 மில்லியனோடு தத்தித் தத்தி உள்ளே வந்த பல்கலைக்கழகத்துக்கும் அதே ஆர் 1 தான். ஆகவே யாராவது "ஆர் 1" என்று மட்டும் சொன்னால், அந்த இரண்டில் எது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இப்போது அந்தக் காசை எங்கள் காசாக மாற்றிப் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆர் 2 க்கான 5 மில்லியன் என்பது 150 கோடி ரூபாய். ஆர் 1 க்கு 1,500 கோடி. இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம். பொருளாதாரத்தின் அளவை 100 பில்லியன் டொலர் சுற்றி என்று எடுத்தால் அது 100 மில்லியன் டொலர். அதாவது கொழும்பு, பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம், அரசு ஆய்வு நிலையங்கள், கம்பனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாடாகச் செலவிடுவது இரண்டு ஆர் 1 பல்கலைக்கழகங்களின் வாசல் கட்டணத்துக்குத்தான் காணும். இந்தியாவில் அந்த வீதம் 0.6 ஐச் சுற்றி, தென்கொரியாவில் 5 ஐ நெருங்கி.

எனவே வவுனியாப் பல்கலைக்கழகத்தை அந்தக் கோலால் அளந்து 'ஆர் ஒன்றுமில்லை' என்று சொல்வது தவறான கணக்கு அல்ல, பயனில்லாத கணக்கு. கொழும்பையும் அதே கோலால் அளந்தால் என்ன வரும் என்று ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் வவுனியாவைப் பற்றிப் பேச வேண்டும்.

கலாநிதிப் பட்டம் யார் கணக்கில்?

காசை விடுவோம். கலாநிதிப் பட்டத்தின் எண்ணிக்கைதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது, ஏனென்றால் வன்னியின் நிலைமை அங்கேதான் பச்சையாகத் தெரிகிறது.

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் திறமைச் சித்தியோடு பட்டம் முடித்த ஒருவர் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேருகிறார். மேற்பட்டம் முடித்தால்தான் வேலை நிரந்தரம், பதவி உயர்வு. அதற்காகப் பேராதனைக்கோ ஜப்பானுக்கோ நோர்வேக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகிறார். மூன்று, நான்கு வருடம் அங்கேயே இருந்து செய்கிறார். ஆய்வேடு அங்கே, கட்டுரைகளின் முகவரி அங்கே, பட்டம் அங்கே. திரும்பி வந்து பம்பைமடுவில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் படிப்பிக்கிறார். பட்டத்தை எண்ணும் எந்த வகைப்பாட்டிலும் அந்தக் கலாநிதி ஜப்பானின் கணக்கில் ஒன்று, வவுனியாவின் கணக்கில் சைபர்.

புதிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் கலாநிதிகளை வாங்கும் இடங்கள், உருவாக்கும் இடங்கள் அல்ல. உருவாக்க வேண்டுமென்றால் மேற்பார்வை செய்யக்கூடிய மூத்தவர்கள் வேண்டும், அவர்களுக்கு ஆய்வுகூடம் வேண்டும், மாணவருக்கு மாதாமாதம் சாப்பாட்டுக்குக் காசு வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தடை. இங்கே முழுநேரமாகக் கலாநிதிப் பட்டம் செய்ய ஒருவர் வீட்டில் "வேலை எப்ப எடுப்பாய்?" என்ற கேள்வியைத் தாண்ட வேண்டும். பாடசாலையில் ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்பவர் ஏழு எட்டு வருடம் இழுபடுவார். 70 பட்டத்துக்கான கணக்கு இந்த வாழ்க்கையைத் தெரிந்து போட்ட கணக்கு அல்ல.

2022 பொருளாதார நெருக்கடியில் வெளிநாடு போனவர்கள் எல்லோரும் திரும்பவும் இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1968 இல் ஒரு பெயர் வைத்தார், மத்தேயு விளைவு. மடுமாதா திருவிழாவுக்குப் போகும் எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் இருப்பதும் எடுக்கப்படும் என்ற நற்செய்தி வசனத்தில் இருந்து எடுத்த பெயர். பெயர் பெற்ற விஞ்ஞானிக்குப் புகழ் கூடக் கிடைக்கும் என்றுதான் அவர் எழுதினார், ஆனால் நிறுவனங்களுக்கும் அது அப்படியே பொருந்தும். பழைய பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு நிதி, நிதியால் மாணவர், மாணவரால் கட்டுரை, கட்டுரையால் திரும்பவும் நிதி. 1942 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த பேராதனைக்கும், 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணத்துக்கும், 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1997 இல் யாழ்ப்பாணத்தின் வளாகமாகவும் இருந்து 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கும் இடையிலான தூரம் வெறும் வருடங்கள் அல்ல. அந்த வருடங்களில் கணிசமானவை இங்கே போர் நடந்த வருடங்கள்.

கிளிநொச்சி எங்கே இருக்கிறது?

கேட்கிற கேள்வி விசர்த்தனமாகப் படலாம். ஆனால் வன்னியில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு. தேர்தல் என்று வந்தால் கிளிநொச்சி வன்னி மாவட்டத்தில் இல்லை, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகக் கணக்கிலும் அதேதான். அறிவியல் நகரில் இருக்கும் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் மூன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள். விவசாய பீடம் போரில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இயங்கி, பிறகு திரும்பி வந்தது. மற்ற இரண்டும் போருக்குப் பிறகு வந்தவை. அங்கே நெல்லைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதினால் அது யாழ்ப்பாணத்தின் கணக்கு. வயல் வன்னியில், ஆய்வுகூடம் வன்னியில், முகவரி மட்டும் குடாநாட்டில்.

வவுனியாவில் இதன் மறுபக்கம். 2021 ஜூலையில் ஒரு கட்டுரை வந்திருந்தால் அதன் கீழ் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வவுனியா வளாகம் என்று இருக்கும். செப்டெம்பரில் வந்திருந்தால் வவுனியாப் பல்கலைக்கழகம். எழுதியவர் அதே ஆள், அதே மேசை, சன்னலுக்கு வெளியே அதே மரம். கட்டுரைகளை எண்ணும் தரவுத்தளங்கள் முகவரியைத்தான் பார்க்கும். அச்சான பழைய முகவரி மாறாது. புதிய பெயரோடு தொடங்கும் பல்கலைக்கழகம் இருபத்தைந்து வருட வேலையைப் பின்னால் விட்டுவிட்டுக் கைக்குழந்தையாகத் தெரியும். போதாததற்கு ஒவ்வொருவரும் முகவரியை ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ஒருவர் துறையை முதலில் எழுதுவார், ஒருவர் பீடத்தை எழுதி நிறுத்திக்கொள்வார், இன்னொருவர் ஊரின் எழுத்துக்கூட்டலை மாற்றிவிடுவார். உயர்ந்த கொள்கைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், எல்லோரும் ஒரே மாதிரி முகவரி எழுதுங்கள் என்று மூதவை ஒரு சுற்றறிக்கை விட்டாலே எண்ணிக்கை கூடும். கேலிக்குச் சொல்லவில்லை, பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் முதலில் செய்த வேலை அதுதான்.

எண்ணிக்கைக்கும் ஒரு அடிமட்டம் உண்டு. பிரித்தானியாவின் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசைக்குள் வர ஐந்து ஆண்டில் குறைந்தது 1,000 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். மூன்று பீடங்கள் உள்ள பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அளக்கும் அளவுக்கு அது பெரிதாகவில்லை என்று பொருள். தரம் குறைவு என்று பொருள் அல்ல. முகநூலில் அந்தப் பட்டியலைப் பகிர்ந்து "எங்கட கம்பஸைக் காணேல்லை" என்று கவலைப்படுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மறுபக்கமும் உண்டு. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு போன்ற கட்டுரைகளில் ஒரே ஒருவர் பெயர் இருந்தால் போதும், சிறிய பல்கலைக்கழகத்தின் மேற்கோள் கணக்கு வானத்துக்கு எகிறும். அதை வைத்து மாலை போடுவதும் அதே தவறுதான்.

மற்ற நாடுகளை ஒரு சுற்று

பிரித்தானியா பல்கலைக்கழகத்துக்கு முத்திரை குத்துவதில்லை, துறை துறையாக மதிப்பிடுகிறது. 1986 இல் தொடங்கிய வழக்கம், இப்போது ஆய்வுச் சிறப்புச் சட்டகம் என்ற பெயரில். 2021 சுற்றில் ஆய்வு வெளியீட்டுக்கு 60 வீதம், வெளி உலகில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. சக ஆய்வாளர்கள் உட்கார்ந்து வாசித்துப் புள்ளி போடுகிறார்கள். செலவும் தலையிடியும் கூடிய முறை, ஆனால் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் ஒரே ஒரு நல்ல துறை அதில் வெளிச்சத்துக்கு வரும்.

மலேசியா 2006 இல் நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று அறிவித்தது, 2010 இல் ஐந்தாவதைச் சேர்த்தது. தாய்லாந்து 2009 இல் ஒன்பதைத் தெரிந்தது. சீனா 1998 இல் தொடங்கிய திட்டத்தில் 39 பல்கலைக்கழகங்களுக்குக் காசைக் கொட்டியது. இவை எல்லாம் அளந்து வகைப்படுத்தியவை என்பதைவிட, அரசு தெரிந்தெடுத்து ஊட்டி வளர்த்தவை. இந்தியாவின் 2020 கல்விக் கொள்கை ஆய்வில் ஊன்றிய பல்கலைக்கழகம், கற்பித்தலில் ஊன்றிய பல்கலைக்கழகம், பட்டம் வழங்கும் தன்னாட்சிக் கல்லூரி என்று மூன்றைச் சொல்லி, இவை இறுகிய பெட்டிகள் அல்ல என்றும் எழுதியது. நடைமுறையில் சென்னை ஐஐடி 2019 முதல் தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் நிற்கிறது, மிச்சப் பேர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இலங்கையில் அப்படி ஒரு வகைப்பாடு கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு மீளாய்வில் ஏ, பி, சி, டி என்று தரம் கொடுக்கிறார்கள். அது முகாமைத்துவம், பாடத்திட்டம், மாணவர் ஆதரவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது, ஆய்வு அதில் ஒரு பங்கு. ஆய்வுக்கென்று விரிவுரையாளருக்குக் கிடைப்பது சம்பளத்தோடு வரும் ஆய்வுக் கொடுப்பனவு. அது ஆளுக்குப் போகிறது, ஆய்வுகூடத்துக்குப் போவதில்லை. உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் உயர்கல்வித் திட்டம் 2017 முதல் 2023 வரை போட்டி அடிப்படையில் ஆய்வு மானியங்களும் கொடுத்தது. அது முடிந்துவிட்டது.

ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்

அளவுகோலில் எது விழாது என்பதைக் காட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வவுனியா மாவட்டமும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. நீரின் கடினம், புளோரைட், பூச்சிமருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்றையும் முடிவாகச் சொல்லவில்லை.

இதை ஆராயப் போகும் பிள்ளை என்ன செய்கிறது? செட்டிகுளம் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றடியில் நிற்கிறது. போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, வாய் நிறைய நிரப்பி, மூடியில் கிணற்று இலக்கமும் திகதியும் எழுதுகிறது. காரத்தன்மையும் மின்கடத்தலும் கிணற்றடியிலேயே பார்க்க வேண்டும், நேரம் போனால் மாறிவிடும். மிச்சம் ஐஸ் பெட்டிக்குள். தோட்டக்காரர் "போன வருசமும் வந்து அள்ளிக்கொண்டு போனவை, என்னெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை" என்கிறார். அதற்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். புளோரைட்டை ஓரளவு வசதியுள்ள ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். ஆசனிக்கு, கட்மியம் போன்றவற்றை நுணுக்கமாக அளக்கும் இயந்திரம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருப்பதில்லை, மாதிரிகளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். மாரியில் ஒரு தரம், கோடையில் ஒரு தரம் என்று இரண்டு மூன்று வருடம் அதே கிணறுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் ஏதாவது சொல்லலாம்.

செலவு? எரிபொருள், போத்தல், இரசாயனம், அனுப்பும் கூலி. ஆர் 2 வாசலில் இது தூசிக்குச் சமம். பட்டம்? பெரும்பாலும் இளமாணிக் கடைசி வருட ஆய்வுத் திட்டம், மிஞ்சினால் முதுமாணி. எண்ணிக்கையில் வராது. கட்டுரை? இரண்டு மூன்று வருட வேலைக்கு ஒன்றோ இரண்டோ. ஆனால் எந்தக் கிணற்றைக் குடிக்கலாம், சுத்திகரிப்பு இயந்திரத்தை எந்தக் கிராமத்தில் வைப்பது என்ற கேள்விக்கு உலகத்தில் வேறு எந்தப் பல்கலைக்கழகமும் பதில் தேடித் தரப்போவதில்லை. ஹொப்கின்ஸ் செட்டிகுளத்துக்கு மாரிக்கு ஒரு தரம், கோடைக்கு ஒரு தரம் வராது. வெங்காய நோயும், நந்திக்கடல் இறாலும், கண்ணிவெடி அகற்றிய நிலத்தின் மண்ணும் இதே கணக்குத்தான்.

அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியா பக்கத்திலேயே பாடமாக இருக்கிறது. 2010 இல் விரிவுரையாளர் பதவி உயர்வுக்குக் கட்டுரைப் புள்ளி முறை வந்தது. காசு கொடுத்தால் ஒரு கிழமையில் அச்சிடும் ஆய்விதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. அவற்றைக் களைய 2018 இல் அங்கீகரித்த இதழ்ப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார்கள், 2025 இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். எண்ணுவதற்கென்று எழுதப்படும் கட்டுரையை எண்ணுபவரைத் தவிர யாரும் வாசிப்பதில்லை. எங்கள் நாட்டிலும் மின்னஞ்சலைத் திறந்தால் "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தகுதிகாண் விரிவுரையாளரை அழைக்கும் இதழ்கள் வரிசையில் நிற்கின்றன.

அதற்காக அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காத இடத்தில் காசு செல்வாக்குள்ள இடத்துக்குப் போகும், அதில் வன்னி எந்தக் காலத்திலும் வென்றதில்லை. இலங்கை ஒரு வகைப்பாட்டைச் செய்வதாக இருந்தால் மொத்தத்தை மட்டும் எண்ணாமல் தலைக்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே எழுத்தைக் கொடுக்காமல் துறை துறையாகப் பார்க்க வேண்டும். பீடம் எந்த மாவட்டத்தில் இயங்குகிறது என்பதைத் தரவில் பதிய வேண்டும், அப்போதுதான் கிளிநொச்சியில் என்ன நடக்கிறது என்று கிளிநொச்சிக்கே தெரியவரும். இளமாணி மாணவருக்கான மானியத்தை இந்த வகையோடு முடிச்சுப் போடவே கூடாது. அப்படிப் போட்டால் பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளை அதிகம் எடுக்கும் பல்கலைக்கழகம்தான் முதலில் அடி வாங்கும். கார்னகிக்காரர்களே 2025 இல், எப்படிப்பட்ட மாணவரை எடுக்கிறார்கள், படித்து முடித்தவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதைக் கொண்டு தனியாக இன்னொரு வகைப்பாட்டையும் வெளியிட்டார்கள். ஆய்வுப் பட்டியலில் கீழே இருப்பது அதில் மேலே இருக்கலாம்.

சரி, உயர்தரம் எழுதிவிட்டு விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதனால் என்ன? முதல் பட்டத்துக்கு ஆர் 1 ஐத் தேடி அலையத் தேவையில்லை. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பெயர் பெற்ற பேராசிரியர் முதலாம் வருட வகுப்புக்கு வருவது அபூர்வம். சேர நினைக்கும் துறையில் எத்தனை பேர் மேற்பட்டம் முடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எந்த வருடம், எதைப் பற்றி எழுதினார்கள், கடைசி வருட ஆய்வுத் திட்டத்தை மாணவர் தனியாகச் செய்கிறாரா அல்லது பழைய அறிக்கையைத் தூசி தட்டிக் கொடுக்கிறாரா, ஆய்வுகூடம் பின்னேரம் நான்கு மணிக்குப் பூட்டுப்படுகிறதா. இதற்கெல்லாம் பதில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் அண்ணாவையோ அக்காவையோ கூப்பிட்டுக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.